அவங்களைப் பேச விடுங்க

கோட்டாரி வீட்டில் காலையில் அவல் போஹா தட்டில் விழும்போதே கூச்சலும் ஆரம்பித்துவிடும். சண்டையெல்லாம் இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு இந்தூர் கடைத்தெருவில் சேவுக் கடை. சந்தை இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை அவருடையது. அண்ணன் நிர்மல் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவன். கல்யாணமாகி வந்த அண்ணி ரச்னாவோ, ஆறே மாதத்தில் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். இவர்களுக்கு நடுவில் சாருல். இருபத்தைந்து வயதாகியும் அந்த வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தையாவது முழுசாகச் சொல்லி முடித்திருப்பாளா என்பது சந்தேகம்தான். அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. இவர்கள் கத்துவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே சாப்பிடுவது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வினை எம்பிஏ ரூபத்தில் வந்தது. அதில் சேருவதற்கான எழுத்துத் தேர்வு என்றால் சாருல் புலி. ஆனால் அங்கே அள்ளிக்கொண்டு வந்த மார்க்கையெல்லாம் இரண்டு வருஷமும் குழு விவாதத்தில் கோட்டை விட்டாள். எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொடுத்த தலைப்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேச வேண்டும். வாய் திறக்காதவருக்குப் பூஜ்யம். இது மூன்றாவது தடவை. வேலை பார்க்கும் வங்கியில் இன்னொரு முறை லீவுக்குக் கெஞ்சவும், இன்னொரு வருஷம் அதே தேர்வுக் கணக்குகளைப் போட்டுக்கொண்டு உட்காரவும் அவளுக்குத் தெம்பில்லை. இந்த முறை கிடைக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடுவது என்று அவளே முடிவு செய்திருந்தாள். ஆனால் அந்தப் படிப்பு அவளுக்கு வேண்டும். அப்படி ஆசை.

பயிற்சி வகுப்பில் துபே சார் விவாதத்துக்கென்றே சில உபாயங்கள் வைத்திருந்தார். அவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது ஒன்று. "வாயே தெறக்காம ஒருத்தர் உக்காந்திருப்பாங்க பாருங்க, அவங்கதான் உங்களுக்கு லட்டு! 'நீங்க என்ன நினைக்கிறீங்க?'னு கேட்டு அவங்களப் பேச விடுங்க. தலைமைப் பண்புக்கு மார்க் வந்து விழும்." வகுப்பில் அந்த லட்டு எப்போதும் சாருல்தான். அவளைக் கேட்டு ஆளாளுக்கு மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்தவர் புகுந்துவிடுவார்.

குழு விவாதத்துக்காகப் போபாலுக்குப் போவதற்கு முந்தின நாள் வீட்டிலும் ஒத்திகை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடலாமா என்பது தலைப்பு.

"சாருல், நீ சொல்லும்மா," என்றார் அப்பா பெரிய மனசோடு.

"நான் என்ன நினைக்கிறேன்னா..."

"அவ சொல்றது ரொம்ப சரிப்பா!" என்றான் நிர்மல்.

"அவ இன்னும் ஒண்ணுமே சொல்லலையே," என்றாள் ரச்னா.

"என் தங்கச்சி என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீ நேத்து வந்தவ."

அப்புறம் ஒத்திகையாவது ஒன்றாவது. சாருல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சிரிப்பும் வந்தது, நாளைய நினைப்பில் பயமும் வந்தது.

மறுநாள் போபாலில் ஒரு ஓட்டல் அறை. எட்டுப் பேரும் இஸ்திரி கலையாத கோட்டில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாரம் ஒருநாள் ஊருக்குள் கார் ஓடக்கூடாது என்று தடை போடலாமா என்பது தலைப்பு. சுவரோரமாக இரண்டு பேராசிரியர்கள் பேனாவும் கையுமாக இருந்தார்கள். "ஆரம்பிக்கலாம்" என்றதும் எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். சாருல் இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் யாரோ அவள் குரல் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். போச்சு, இந்த வருஷமும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சிவப்பு டை கட்டியவன் அவளைக் கண்டுபிடித்தான். "நம்ம தோழி இன்னும் பேசவே இல்ல. அவங்களுக்கு ஒரு வாய்ப்பு குடுப்போமே."

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்," என்றாள் கண்ணாடிக்காரப் பெண். "அவங்க கருத்து ரொம்ப முக்கியம்."

"ஒரு நிமிஷம், அவங்களப் பேச விடணும்னு முதல்ல கை தூக்கினதே நான்தான்!" என்றான் எதிரே இருந்த இன்னொருவன்.

"நான்..." என்று சாருல் தொடங்கினாள்.

"பாருங்க, அவங்க பேச வர்றாங்க, நீங்க குறுக்க விழறீங்க!"

"நான் எங்கங்க குறுக்க விழறேன்? அவங்களுக்காகத்தான பேசறேன்!"

அடக் கடவுளே! ஊருக்கு ஊர் ஒரு துபே சார் இருக்கிறார் போலிருக்கிறது. ஏழு பேரும் அவளுக்கு வாய்ப்புக் கொடுப்பதற்காக முட்டி மோதினார்கள். அவளுக்கு மட்டும் இடமே இல்லை. சாருலுக்கு ஒரு நொடி அழுகை முட்டியது. மறுநொடி நிர்மலின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவ்வளவுதான், அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்போடு வெளியே போனது.

இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வதென்று யாருக்கும் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேசை கப்சிப் என்று ஆனது.

"எங்க அப்பா கடைத்தெருவுல ஒரு தீபாவளிக்குக் கார் வராம தடுத்தாங்க," என்று ஆரம்பித்தாள். "முதல் நாள் வியாபாரிங்க அத்தன பேரும் கத்தினாங்க, எங்கப்பாதான் முதல் ஆளு. ஆனா நடந்து வர்றவங்க ஒவ்வொரு கடையிலயும் நின்னாங்க. எங்க கடையில சரக்கே தீந்துபோச்சு. ஆனா முட்டிவலிக்காரங்க யாரும் வரல. கல்யாணத்துக்கு மொத்தமா வாங்கறவங்களும் வரல. அதனால தடை வேணுமா வேண்டாமாங்கறது இல்ல கேள்வி. வர முடியாதவங்களுக்கு என்ன வழி வெச்சிருக்கோம்?"

சிவப்பு டை வாயைத் திறந்தான். கண்ணாடிக்காரி அவன் முழங்கையை இடித்தாள். தன் குரல் இவ்வளவு நேரம் தடங்கலில்லாமல் ஓடி சாருல் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. அந்தக் குரலை அவளுக்குப் பிடித்துப்போனது.

"மின்சார ரிக்‌ஷா விடலாம்னு சொல்வாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு, என்னன்னா..."

"நேரம் முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி," என்று மூத்த பேராசிரியர் பேனாவை மூடிக்கொண்டே எழுந்தார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

சாருல் மட்டும் எழவில்லை.

"சார், நான் இன்னும் முடிக்கல."

சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பாதி எழுந்த நிலையிலேயே பேராசிரியர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.