லாசரஸ் சாரின் படகில் மூன்று ஓட்டைகள்

ஹிதாயத்துல்லா முதன்முதலாக ஒரு படகைத் தொட்டுப் பார்த்தது கடற்கரையில் அல்ல, ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு முருங்கை மரத்தடியில்.

கிழக்குத் தாம்பரத்தில் இருபத்தாறு வருஷமாகக் குழாயும் வால்வும் பழுது பார்க்கிறவர் அவர். மொட்டைமாடித் தொட்டி, ஆஸ்பத்திரி பாய்லர், படப்பைப் பக்கத்துக் கம்பெனிகளின் பம்ப் ரூம் என்று அவர் கை படாத வால்வு கிடையாது. எந்த வேலைக்கும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. அதனால் வந்து சேரும் வம்புகளையெல்லாம் வீட்டில் மனைவி சபீஹாதான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வியாழக்கிழமை போனில் கூப்பிட்டது ஹில்டா மேடம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். “பாய், மூணு வால்வு இறுகிப் போச்சு. ஒண்ணுகூடத் திரும்பல. வந்து பாருங்க” என்றார். எதில் இருக்கிற வால்வு என்று சொல்லவில்லை.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனதும் ஹிதாயத்துல்லா அப்படியே நின்றுவிட்டார். இருபத்து நாலடி நீளத்துக்கு ஒரு வெள்ளைப் படகு, இரும்புத் தாங்கிகள் மேல், மதில் சுவரையும் தாண்டி எழும்பி நின்றது. அதன் உச்சியில் தொப்பி போட்டுக்கொண்டு மேடத்தின் கணவர் லாசரஸ் சார் நின்றார். ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்தவர். கோயம்புத்தூருக்குக் குடிபோன நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கியதாம். கடல் இல்லாத ஊருக்குப் போகிறவனுக்குப் படகு எதற்கு என்று சார் கேட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எந்தக் கடல் இருக்கிறது என்று ஹிதாயத்துல்லா கேட்கவில்லை.

“வாங்க பாய்! பாய் இல்லாம இந்தப் படகு ஓர் அடி நகராது!”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்று ஹிதாயத்துல்லா கூச்சத்தோடு தலையைக் குனிந்தார்.

சுருட்டிக் கட்டிய வெள்ளைத் துணி மூட்டையை ஹில்டா மேடம் விரலால் காட்டினார். “அவர் இந்தப் பாயைச் சொல்றார்.”

பிறகு மூவரும் படகின் வயிற்றுக்கடியில் குனிந்தார்கள். ஹிதாயத்துல்லா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பதறினார். “சார், அடியில ஓட்டை கீது! ஒண்ணு இல்ல, மூணு!”

“வேணும்னே வெச்ச ஓட்டை பாய். ஒண்ணு சிங்க் தண்ணி வெளிய போக. ஒண்ணு டாய்லெட்டுக்கு. இன்னொண்ணு, இன்ஜின் சூடாகாம இருக்கக் கடல் தண்ணிய உள்ள இழுக்க. ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கம் ஒரு வால்வு. எந்த ட்யூப் பிய்ச்சிக்கிட்டாலும் உடனே மூடிடலாம்.”

“மூடத்தான் முடியாதே சார். இறுகிக் கெடக்குதே.”

“அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம்” என்றார் மேடம். “செவ்வாய்க்கிழமை முட்டுக்காட்டுல தண்ணியில இறக்கணும். டிரெய்லரும் கிரேனும் சொல்லியாச்சு. பார்க்க வந்த இன்ஜினியர், இந்த வால்வை மாத்தாம இறக்கக் கூடாதுன்னுட்டார். அதைக் கேட்டதும் இவர் ஒரு கைப்பிடி மேல ஏறி நின்னார். அது உடைஞ்சு கையோட வந்துடுச்சு.”

“கால் வெச்சேன், அவ்வளவுதான்” என்றார் சார்.

வேலை இதுதான். உள்ளே வால்வைக் கழற்றியதும், அதைத் தாங்கும் பெரிய நட்டைத் திருப்ப வேண்டும். அதே நேரத்தில், வெளியே ஓட்டையில் செருகியிருக்கும் குழாய் கூடவே சுற்றாமல் ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே பிடிக்கும் பொறுப்பை மேடம் எடுத்துக்கொண்டார். உள்ளே ஹிதாயத்துல்லா தன் பெரிய உடம்பைச் சுருக்கி, இருக்கைக்கடியில் இருந்த பெட்டிக்குள் தலைகீழாக நுழைந்தார். இடுப்புக்கு மேல் படகு, இடுப்புக்குக் கீழ் பாய். ஒரு தட்டு தட்டினால் மேடம் பிடிக்க வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும் என்று பேச்சு.

முதல் நட்டு எண்ணெயில் ஊறி மெல்ல அசைந்துகொடுத்தது. ஹிதாயத்துல்லா மூச்சைப் பிடித்து முழு பலத்தையும் கொடுத்தார். அப்போது மேலே ‘டொக், டொக்’ என்று இரண்டு சத்தம். மேடம் சொன்ன சொல் மாறாமல் விட்டுவிட்டார். நட்டு, குழாய், ஸ்பானர் எல்லாம் ஒன்றாகச் சுழல, ஹிதாயத்துல்லாவும் கூடவே அரைச் சுற்றுச் சுற்றிப் பெட்டியில் சிக்கிக்கொண்டார்.

“யார் தட்டினது?” வெளியிலிருந்து மேடத்தின் குரல். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு ஒரே நொடியில் அடங்கிப்போகிற குரல்.

“நான்தான்” என்றார் சார். ஜன்னல் திரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாராம்.

அவரை டீ போட அனுப்பிவிட்டார்கள். பாயை வெளியே இழுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு வால்வு கழன்றது. டாய்லெட்டுக்கடியில் இருந்த மூன்றாவது மட்டும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலை மறுபடி எண்ணெய் விட்டார்கள், சூடு காட்டினார்கள், மரச்சுத்தியால் தட்டினார்கள். அது கல்லாக நின்றது.

“மூடின நெலையிலதானே இறுகியிருக்கு?” என்றார் சார். “மூடினது மூடினபடி இருந்துட்டுப் போகட்டுமே. டாய்லெட் இல்லாம ஓட்டிக்கிறோம்.”

அந்தப் பேச்சு ஹிதாயத்துல்லாவுக்குத் தேனாக இருந்தது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு, இடுப்பு வேறு பிடித்துக்கொண்டிருந்தது. ஜும்மா தொழுதுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வீட்டில் சபீஹா சோறு போட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

“அந்த மூணாவது போச்சுன்னா இன்னா ஆவும்?”

“படகு முங்கும்.”

“அப்போ அதுல யார் இருப்பாங்க?”

“சாரும் மேடமும்.”

சபீஹா கரண்டியை எடுத்தாள். ரசத்தை ஊற்றினாள். ஹிதாயத்துல்லா பாதி ரசத்தோடு எழுந்து கை கழுவிக்கொண்டு, சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

திருப்பி எடுக்க முடியாத நட்டை அறுத்து எடுக்க உட்கார்ந்தார். ரம்பம் நாலு இழுப்பு போயிருக்காது. வால்வின் கழுத்திலிருந்து ஒரு துண்டு, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. உள்ளே பித்தளையின் மஞ்சள் இல்லை. ரோஜா நிறம்.

“யா அல்லா” என்றார். அந்தத் துண்டைக் கொண்டுபோய் லாசரஸ் சாரின் உள்ளங்கையில் வைத்தார். “யாரோ வூட்டுக் குழாய்க்குப் போடுற பித்தளைய இதுல மாட்டிக்கீறாங்க சார். உப்புத்தண்ணி துத்தநாகத்தத் தின்னுட்டுச்சு, சக்கைதான் மிச்சம். இத இத்தினி நாள் புடிச்சிகினு இருந்தது வெறும் பெயின்ட்டு.”

சார் விரலால் அழுத்தினார். அது தூளாயிற்று. அவர் முகத்தில் இருந்த கப்பல் கேப்டன் இறங்கிப்போய், பழைய ரயில்வே கிளார்க் வந்து நின்றார். ஹில்டா மேடம் தூளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் சாருக்குக் கிடைத்த மிகப் பெரிய திட்டு அதுதான்.

அன்று சாயங்காலமே மூன்று புது வெண்கல வால்வுகளும் ஏறின. பூசிய பசை காய மூன்று நாள் விட்டார்கள். கிளம்பும்போது மேடம் சொன்னார், “பாய், செவ்வாய்க்கிழமை நீங்களும் படகுல வரணும்.”

“நான் எதுக்கு மேடம்?”

“நீங்க போட்ட வால்வு. இறக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து நீங்கதான் பார்க்கணும்.”

ஹிதாயத்துல்லாவுக்கு நீச்சல் தெரியாது. மெரினாவில்கூடக் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. இருபத்தாறு வருஷமாகச் சொல்லிப் பழகாததால் அங்கேயே நின்றுவிட்டது. “சரி மேடம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மேடவாக்கம் சிக்னலில் பால் வண்டிகள் ஒதுங்கி நின்று படகுக்கு வழிவிட்டன. முட்டுக்காட்டில், காயல் ஓரத்தில், கிரேன் அதைத் தூக்கித் தண்ணீருக்கு மேல் கொண்டுபோனது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் பிதுங்கிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, ஹிதாயத்துல்லா உள்ளே வால்வுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். படகு மெதுவாகத் தண்ணீரில் அமர்ந்தது. முதல் வால்வு, சொட்டு இல்லை. இரண்டாவது, மூன்றாவது, அதுவும் இல்லை. அப்பாடா என்று நிமிர்ந்தார். அப்போது அவருடைய இடது காலில் ஜில்லென்று ஏதோ ஓடியது.

“தண்ணி! சார், தண்ணி! தூக்கச் சொல்லுங்க!”

மேலே சார் “தூக்கு! தூக்கு!” என்று கத்த, கிரேன் டிரைவர் வெலவெலத்துப்போய்ப் படகை மறுபடி ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டார். தொங்குகிற படகின் உள்ளே மேடம் நிதானமாக இறங்கி வந்தார். பலகையில் ஓடிய தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“முட்டுக்காட்டுத் தண்ணிக்குச் சர்க்கரை போட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சது யாரு?”

மூலையில் சாரின் ஜூஸ் பாட்டில் மூடி கழன்று கவிழ்ந்து கிடந்தது.

இரண்டாம் முறை இறக்கியபோது எல்லோரும் நிறையச் சிரித்துவிட்டிருந்ததால் பயப்படத் தெம்பு இல்லை. சார் பாயை ஏற்றினார். காற்று அதில் நிறைந்ததும் படகு ஒரு பக்கமாகச் சரிந்தது.

“சாயுது சார்!”

“சாயணும் பாய். சாய்ஞ்சாத்தான் ஓடும்.”

ஹிதாயத்துல்லா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்ஜின் சத்தம் நின்று, படகு தண்ணீரைக் கிழித்துப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் இருபத்தாறு வருஷமாகக் கேட்டதெல்லாம் குழாய்க்குள் ஓடுகிற தண்ணீரின் சத்தம். இது வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடிக்க, ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்தார். சபீஹா.

“இன்னா, எங்க கீறீங்க?”

“நடுத்தண்ணியில. மேல பாயில காத்து, கீழ மூணு வால்வும் காஞ்சி கெடக்கு.”

 அப்புறம் சபீஹா கேட்டாள், “இன்னொரு ஆள் உட்கார எடம் இருக்குமான்னு மேடத்தக் கேளுங்களேன்.”

ஹிதாயத்துல்லா கேட்டார். ஹில்டா மேடம் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க சபீஹா” என்றார்.