பஸ்ஸில் செய்த லெவல்

எழில்மதிக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனிதான் முதலில் சிவக்கும். சனிக்கிழமை மாலை வெள்ளிமலையிலிருந்து கிளம்பிய பஸ் மலையிறங்கத் தொடங்கியபோது அது நன்றாகவே சிவந்திருந்தது. சிக்னல் அறுந்துபோகும் வளைவுக்குச் சற்று முன்னால்தான் அந்தச் செய்தி வந்து விழுந்தது.

"பெரிய சத்தம் வர்ற இடமெல்லாம் காலியா கெடக்கு. சின்னச் சின்ன சத்தத்துக்கு வெரல் ஒடியற அளவுக்கு வட்டம். இத ஓடற வண்டியில உக்காந்து செஞ்சீங்களா?"

எழுதியவர் நண்டுக்கால். விளையாட்டுக் குழுவில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. ஆளும் ஊரும் யாருக்கும் தெரியாது. போனில் பாட்டு ஓடும்போது திரையில் வட்டங்கள் இறங்கும், கோட்டைத் தொடும் நொடியில் விரலால் தட்ட வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. எந்த வட்டம் எப்போது இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வைத்து லெவல் அமைப்பது எழில்மதியைப் போன்றவர்கள். அதைச் சோதித்துச் சேர்த்துக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் நண்டுக்காலைப் போன்றவர்கள்.

அவளுடைய லெவலை அவர் முதல் தடவை திருப்பியபோது, "உங்களுக்கு வெரல் வேகம் பத்தலங்க" என்று பதில் எழுதி, வீம்புக்கு இன்னும் நாற்பது வட்டம் சேர்த்து அனுப்பினாள். இது இரண்டாவது தடவை. மூன்றாவதும் திரும்பினால் லெவல் மட்டுமல்ல, பாட்டும் சேர்ந்து வெளியே போகும். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிதான் கெடு.

இதுவரை நான்கு லெவல்களைக் கோட்டை விட்டவள்தான். அதெல்லாம் யாரோ செய்த பாட்டு, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். இது தம்பி இளவரசனுடைய பாட்டு. பாலிடெக்னிக் படிப்புக்கு நடுவே ஆறு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோத்தது. "நீயே லெவல் போடுக்கா" என்று அவன் வேறு யாரிடமும் போகாமல் அவள் கையில் கொடுத்தான். அவள் தோற்றால் அவனும் தோற்பான்.

வண்டியில்தான் செய்தாள். அதனால் என்ன? மலைமேல் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை வேலை. ஏற இரண்டு மணி நேரம், இறங்க இரண்டு மணி நேரம். சொந்தமென்று அவளுக்கு இருப்பது அந்த நான்கு மணி நேரம்தான். வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு அது எங்கே புரியும் என்று நண்டுக்காலை வளைவுக்கு வளைவு மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். சிக்னல் இல்லாததால் அந்த மனிதர் தப்பித்தார்.

கச்சிராயபாளையத்தில் டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார். அப்படி என்ன பெரிய சத்தம், பார்த்துவிடலாம் என்று எழில்மதி இயர்போனை மாட்டிப் பாட்டைப் போட்டாள். மணி ஒலித்தது, கைதட்டல் வந்தது. அடியில் இன்ஜின் துடும் துடும் என்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் வண்டியை அணைக்காமலா போய்விட்டார் என்று எரிச்சலோடு இயர்போனைக் கழற்றினாள்.

பஸ் அமைதியாக இருந்தது. முன் சீட்டில் ஒரு கிழவர் இருமினார், அவ்வளவுதான். மறுபடி மாட்டினாள். இன்ஜின் ஓடியது.

எழில்மதிக்குக் காது மடல் வரை சூடேறியது. இத்தனை நாளும் அந்தத் துடும் துடும் எல்லாவற்றையும் பஸ் சத்தம் விழுங்கியிருக்கிறது. மேலே மிதந்த மணிக்கும் கைதட்டலுக்கும் வட்டம் வைத்துவிட்டு, பாட்டின் முதுகெலும்பையே விட்டிருக்கிறாள். நண்டுக்கால் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஏமப்பேரில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியிடம் போனாள்.

"டேய், பாட்டுல அடியில ஒரு இன்ஜின் ஓடுதே, அது இன்னாடா?"

இளவரசன் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான். "இப்பதான் கேட்டியா?"

"சொல்லுடா."

"நம்ம கழனி ஆயில் இன்ஜின்க்கா. அப்பா தண்ணி பாய்ச்சிக்கினு இருக்கும்போது போன்ல புடிச்சேன். நீ கண்டுபுடிச்சி சிரிப்பேன்னு மூணு வாரமா பாத்துக்கினு இருந்தேன். பாட்டு சூப்பர்னு சொன்னியே. எத கேட்டுச் சொன்ன?"

நண்டுக்காலின் எந்த வரியும் இப்படிச் சுட்டதில்லை.

அன்றைக்கே அறுநூற்றுப் பன்னிரண்டு வட்டங்களையும் அழித்தாள். ஞாயிறு விடிந்ததும் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அம்மா சட்னிக்கு மிக்சியைப் போட, "இன்னிக்கி மட்டும் பொறும்மா" என்று கெஞ்சினாள். சட்னி இல்லாத இட்லியைத் தின்றுவிட்டு இளவரசன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டான். முதலில் இன்ஜினுக்கு மட்டும் வட்டம் வைத்தாள், மீதி எல்லாம் அதற்குப் பிறகு. பதினொரு மணிக்கு அனுப்பியபோது மொத்தம் இருநூறுகூட வரவில்லை.

பதினொன்றரைக்குப் பதில் வந்தது. "இப்ப பாட்டு தெரியுது. ஆனா நாப்பத்திரண்டாவது செகண்டுல தாளம் தப்பி ஒரு வட்டம் இருக்கு. எடுத்துட்டா சேத்துக்கலாம்."

"எடுத்துடுக்கா. ஒரு வட்டம்தானே, டைம் ஓடுது" என்றான் இளவரசன்.

அவள் எடுக்கவில்லை. அந்த இடத்தை மூன்று முறை கேட்டாள். முன்பானால் சண்டைக்குப் போயிருப்பாள். நேற்று மாலை அவர் சொல்லியிருந்தால் பயந்து எடுத்திருப்பாள். இப்போது அவளுக்குத் தெரியும், அந்தச் சத்தம் அங்கே இருக்கிறது. டைப் செய்தாள்.

"அந்த எடத்துல இன்ஜின் ஒருவாட்டி திக்கும். எங்க அப்பாவோட இன்ஜின் அது. சத்தமில்லாத எடத்துல ஒருதடவ கேட்டுப் பாருங்க. அப்பவும் வேணாம்னா எடுத்துடறேன்."

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. பதினொன்று நாற்பது. பதினொன்று ஐம்பது. பதில் இல்லை. இளவரசன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான், மேஜையே ஆடியது. ஒரு வட்டத்துக்காகத் தம்பியின் ஆறு மாதத்தைத் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்தாள். ஐம்பத்தைந்துக்கு அவள் விரல் அந்த வட்டத்தின்மேல் போய் நின்றது.

ஐம்பத்தாறுக்குப் போன் அதிர்ந்தது.

"கேட்டேன். திக்குது. இவ்வளவு நேரம் நான்தான் ஃபேனைப் போட்டுக்கிட்டு கேட்டிருக்கேன். சேத்தாச்சு."

இளவரசன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான். எழில்மதி இயர்போனின் ஒரு பக்கத்தை அவனிடம் நீட்டினாள். இருவரும் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேட்டார்கள்.

"பாட்டு சூப்பர்டா" என்றாள்.

எதைக் கேட்டுச் சொன்னாய் என்று இந்தத் தடவை அவன் கேட்கவில்லை.