மீரான் தரகர் அன்று காலை எங்கே இருந்தார்?

1

14.3.2006, செவ்வாய். நேற்று எழுதிய கதையில் ஒரு சிறு தவறு. பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கப்பலுக்குப் போகிற பாய்மரப் படகை வெள்ளிக்கிழமை நண்பகலில் கிளப்பிவிட்டேன். நண்பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். கரைக்காற்று இருக்கிற விடியலில்தான் படகு கிளம்பும். அந்த ஊரில் பிறந்தவள் இதைத் தவறவிட்டிருக்கக் கூடாது.

('நான்' என்று எழுதினால் புலம்பல்போல இருக்கிறது என்று கதை எழுதும் வகுப்பில் சொன்னார்கள். இனி எழுதுகிறவள் பெயர் உமைரா.)

2

கதை பிறந்தது அப்துல் வஹாபின் வாயில். அவர் உமைராவின் அத்தா, அதாவது அப்பா. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். "எங்க முன்னோருல ஒருத்தரு டச்சுக்காரனுக்கே துணி வித்தவரு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அந்த முன்னோரின் பெயர் யாருக்கும் தெரியாது. மீரான் தரகர் என்பது உமைரா வைத்தது.

முதல் தொடக்கம்: 'விஜயநகர ஆட்சியில் இருந்த கடற்கரைக்குப் போர்ச்சுகீசியர் வந்தனர். அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் வந்து கோட்டை கட்டினர். பிறகு ஆங்கிலேயர்—'

(நிறுத்தியாயிற்று. ஆண்டவர்கள் வரிசையாக வந்து போகிறார்கள். ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'பஞ்ச காலம். ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்கு அனுப்ப டச்சுக்காரர் அடிமைகளை வாங்கினார்கள். உழவனான தகப்பன் பசியில் விற்ற கங்கம்மா படகில் ஏற்றப்பட்டாள். மீரான் தரகர் அப்போது வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகையில் இருந்தார்.'

வெள்ளிக்கிழமை நண்பகல் எதற்கு என்பது உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். உமைராவுக்கு நேற்று மாலை வரை புரியவில்லை.

3

நேற்று மாலை வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பார்த்திபன் அதை வாங்கிப் படித்தான். அவன் வீட்டில் நெல் விவசாயம்.

"இன்னா உமைரா, வாங்கறவன் டச்சுக்காரன், பசியில பொண்ண விக்கிறவன் எங்காளு. உங்காளு மட்டும் கரெக்டா தொழுகைக்குப் போய்க்கினாரா?"

"கதைப்பா அது."

"கதைதான? அப்ப எங்காளையும் கோயிலுக்கு அனுப்பு."

சிரித்துவிட்டாள். வீடு திரும்பும் பேருந்தில் சிரிப்பு வரவில்லை. டச்சுக்காரனுக்கும் பெண்ணின் தகப்பனுக்கும் நடுவில் விலை பேச, இருவர் மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். அவள் கதையில் அப்படி ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

4

நாளை வகுப்பில் வாசிப்பு. அத்தா வருகிறார்; பள்ளிவாசல் கமிட்டிக்காரர் இருவரையும் அழைத்திருக்கிறார். இன்று காலை நாஷ்டாவின்போது படகு விடியலில் கிளம்பினால் ஜும்ஆ தொழுகை பொருந்தாது என்று உமைரா சொன்னாள்.

"இதுக்கா பேஜாராவற? பஜ்ரு தொழுகைக்கு அனுப்பும்மா. அது விடியறதுக்கு முன்னாடிதான?"

"தொழுதுட்டு வெளிய வருவாரே, அத்தா?"

"வந்தா ஊட்டுக்குப் போவாரு."

"பள்ளிவாசலுக்கு எதிர்லயே ஏரி. படகுக்காரன் வெளிச்சத்துக்குக் காத்துக்கினு இருப்பான்."

அத்தா இட்லியைப் பிட்டார், வாயில் வைக்கவில்லை. "அவரு துணிதான் வித்தாரு."

"யாரு சொன்னாங்க?"

"எங்க அத்தா."

"அவருக்கு?"

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

5

முடிவு ஒன்று: மீரான் தலையைக் குனிந்தபடி வீட்டுக்குப் போகிறார்.

முடிவு இரண்டு: கரைக்குப் போய், இருவருக்கும் நடுவில் நின்று விலை பேசுகிறார்.

முதல் முடிவுக்கும் சான்று இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை. முதல் முடிவை வாசித்தால் அத்தா கமிட்டிக்காரர்களுக்கு நடுவே நிமிர்ந்து உட்காருவார். உமைரா அதைத்தான் எழுத உட்கார்ந்தாள். வந்தது இது:

'தொழுகை முடிந்து மீரான் வெளியே வந்தார். படகிலிருந்து கங்கம்மா கூப்பிட்டாள்: "மீரானய்யா!" அவர்—'

(கங்கம்மாவுக்கு அவர் பெயர் எப்படித் தெரியும்? விலை பேசும்போது கேட்டதா? உமைரா யோசித்து எழுதவில்லை. அடிக்கவும் கை வரவில்லை. இந்த வரியை முடிக்க வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் முடித்துக்கொள்ளலாம், அவளால் ஆகாது.)

நாளை, புதன்: வகுப்புக்கு முன் கடைக்குப் போய், இதை முதலில் அத்தாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.