ஏகாம்பரம் சார்பாக

நீதிமன்றம் சுலோசனாவை அவருடைய அண்ணன் ஏகாம்பரத்துக்குப் பாதுகாவலராக நியமித்த நாளிலிருந்து, ஏகாம்பரத்தின் குரல் சுலோசனாவின் வாயிலிருந்து வந்தது. ஏகாம்பரம் உதட்டை அசைத்தால் சத்தம் இல்லை. சுலோசனா கடையில் கத்திரிக்காய் கேட்டால் அவருடைய சொந்தக் குரல்தான். அண்ணனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும், பீடியில் கரகரத்த அந்த ஆண்குரல் நடுவில் புகுந்து சொல்லிவிட்டுப் போனது. உத்தரவில் ‘இனி இவர் சார்பாக இவருடைய தங்கை பேசுவார்’ என்று இருந்தது. எழுதியபடி நடக்கிறது என்று நூம்பல் ஊரார் எடுத்துக்கொண்டார்கள். வங்கியில் ஓய்வூதியத்துக்காக, “உங்க அண்ணன் உயிரோட இருக்காரா?” என்று சுலோசனாவிடம் கேட்டபோது, “கீறேன், கீறேன். உனுக்கு இன்னா அவசரம்?” என்று பதில் வந்தது. எழுத்தர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

பக்கவாதத்துக்குப் பிறகுதான் ஏகாம்பரத்துக்குப் பெயர்கள் நழுவத் தொடங்கின. அடுப்பில் பால் கருகியது. ஒருமுறை வேட்டி இல்லாமல் நெடுஞ்சாலை வரை நடந்துவிட்டார். அந்த உத்தரவுக்கு முன் அவரைப் பரிசோதித்த மருத்துவர் இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு, “தண்ணி லாரி வர்ற நாளு” என்றார். அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். குழாயில் தண்ணீர் வராத தெரு. லாரி வரும் நாள், வராத நாள் என்று அங்கே கிழமைகள் இரண்டுதான். மருத்துவர் குழாயில் தண்ணீர் வரும் பகுதியிலிருந்து வந்தவர். கிழமை அறியாதவர் என்று எழுதினார். லாரி வந்தால் டியூபைப் பிடித்து எல்லோருக்கும் குடம் நிரப்புவது ஏகாம்பரம் என்பதையோ, யார் குடம் எது என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை என்பதையோ மருத்துவரிடம் யாரும் சொல்லவில்லை.

தினமும் படுக்கையிலிருந்து அண்ணனைத் தூக்கி நிறுத்தியும் குளிப்பாட்டியும் சுலோசனாவின் முழங்கால்கள் தேய்ந்தன. மண்ணூர்பேட்டையில் அடுக்ககத்தில் குடியிருக்கும் மகன் கிஷோர், “மாமாவ வெள்ளானூர்ல ஒரு முதியோர் இல்லத்துல சேத்துடலாம்மா. அவர் ஊட்ட வித்தா செலவுக்கு ஆச்சு. நீ இன்னும் எத்தினி வருசம் தூக்கிகினு இருப்பே?” என்றான். அதில் சூது எதுவும் இல்லை. அம்மா மாடிப்படி ஏறமுடியாமல் நின்றதைப் பார்த்தவன் அவன். சுலோசனா அழுதுவிட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார். வீட்டை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

விசாரணையன்று ஏகாம்பரம் வெள்ளைச் சட்டையில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இது அவர் நன்மைக்கே என்று சுலோசனாவின் வழக்கறிஞர் வினோத் வாதாடினார். நீதிபதி சுலோசனாவைப் பார்த்து, “அவர் சார்பா நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றார். ‘சம்மதம்’ என்ற ஒரு சொல்லை சுலோசனா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தார்.

“சுலோ, உன் முட்டி வலி எனுக்குத் தெரியும். என் பென்ஷன்ல ஒரு ஆள வெச்சிக்கோ. ஊட்ட உட்டு மட்டும் என்ன அனுப்பாதே. லாரி வந்தா டியூப யாரு பிடிப்பா?”

வினோத் எழுந்து, மனநிலை சரியில்லாதவரின் பேச்சு சட்டப்படி செல்லாது என்றார்.

“அவர் எங்கே பேசினார்? அவர் வாயைத் திறக்கவே இல்லையே,” என்றார் நீதிபதி. “பாதுகாவலர்தானே பேசினாங்க. அவங்க பேச்சு செல்லும்னு நாமதானே உத்தரவு போட்டோம்?”

மனு தள்ளுபடியானது. ஏகாம்பரத்தின் ஓய்வூதியத்தில் பகலுக்கு ஒரு பணிப்பெண் வைத்துக்கொள்ளவும், ஆண்டுக்கொரு முறை சுலோசனா வந்து அண்ணனின் நிலையைச் சொல்லவும் உத்தரவானது. திரும்பி வரும் ஆட்டோவில் கிஷோர் மாமாவின் முகத்தைப் பார்க்காமல், “கோவமா மாமா?” என்று கேட்டான். “பசிக்கிது நைனா,” என்றார் சுலோசனா.

பணிப்பெண்ணாக அகல்யா வந்தாள். சுலோசனாவின் முழங்கால்கள் கொஞ்சம் தேறின. ஒவ்வோர் ஆண்டும் நீதிமன்றத்தில் பாதி அறிக்கை ஒரு குரலிலும் மீதி இன்னொரு குரலிலும் பதிவாகிறது. தட்டச்சர் இப்போதெல்லாம் தலை நிமிர்வதில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த சுதா, முதல் லாரி நாளன்று, டியூபைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் பேசாமல் நிற்பதையும், “பச்சக் குடம் கமலத்தோடது, வரிசையில உடு!” என்று ஓர் ஆண்குரல் சமையலறையிலிருந்து அதட்டுவதையும் கவனித்து, உள்ளே யார் என்று பக்கத்தில் நின்ற கமலத்திடம் கேட்டாள்.

“ஏகாம்பரம் அண்ணன்தான்,” என்றாள் கமலம். “கை இங்க கீது, வாய் உள்ள கீது. நீ குடத்த நகத்து.”