முகய்யோவுக்கு ஏற்ற ஸ்பிரிங்

எங்கள் காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊர் கோகாந்தில் இது ஒரு அதிசயமே இல்லை. பெட்ரோலுக்குப் பதில் கேஸில்தான் எல்லோரும் ஓட்டுகிறோம். டிக்கியில் கேஸ் உருளை இல்லாத கார் எங்கள் தெருவிலேயே கிடையாது; அந்த இரும்பு வருஷக்கணக்காக அழுத்தினால் எந்த ஸ்பிரிங்தான் நிமிர்ந்து நிற்கும்? ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் டம்மென்று இடிக்கும். நானும் என் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் தாஷ்கண்டிலிருந்து மலைக் கணவாய் வழியாகத் திரும்பிய மறுநாள், என் மனைவி முகய்யோவுக்குக் கரு கலைந்தது. சாலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். முகய்யோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவள் ஏறவில்லை.

இப்போது மறுபடி ஏழு மாதம். எட்டில் தாஷ்கண்ட் ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். ரயிலில் போகலாம் என்றேன்.

"அந்தக் கூட்டத்துல என்னால இடிபட முடியாது. நீங்களே ஓட்டுங்க. ஆனா பின்னாடி அந்த இடி இருக்கக் கூடாது" என்றாள்.

உதிரி பாகச் சந்தை எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. மெல்ல நடந்தே வந்தாள். எர்காஷ் அண்ணன் கடையில் கம்பியில் வரிசையாக ஸ்பிரிங்குகள் தொங்கின. காற்றில் ஒன்றோடொன்று உரசி, தூரத்தில் யாரோ முனகுவது போல ஒலித்தன. அவர் எங்களை உட்காரவைத்துப் பச்சைத் தேநீர் ஊற்றினார்.

"உருளை எத்தனை கிலோ தம்பி?"

"எழுபது இருக்கும்ணே."

"அப்ப இந்தப் பச்சை பெயிண்ட் அடிச்ச கெட்டி ஸ்பிரிங்தான். முலாம்பழம் ஏத்துறவன் பூரா இதைத்தான் போடுறான். பின்பக்கம் வாத்து மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும்."

"அதுல ஆளு உக்காந்தா?" என்றாள் முகய்யோ.

"ஆளு என்னம்மா ஆளு. உருளைதான் கணக்கு."

"வயித்துப் பிள்ளைக்காரி உக்காந்தா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தூக்கித் தூக்கிப் போடும்மா. பொய் சொல்ல மாட்டேன். மெத்துனு ஒண்ணு இருக்கு, கம்பெனியில வண்டியோட வந்த மாதிரி. ஆனா உருளையை வச்சுக்கிட்டு அதைப் போட்டா மலை ரோட்டுல மொதப் பள்ளத்துலயே இடிக்கும்."

எனக்குக் கோபம் வந்தால் காது முதலில் சிவக்கும். "இது தூக்கும், அது இடிக்கும்னா நான் என்ன இவளைப் பல்லக்குலயா கொண்டு போறது?" என்று கத்திவிட்டேன்.

முகய்யோ என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கை வயிற்றில். மறு கையால் அந்த மெத்தென்ற ஸ்பிரிங்கை, முலாம்பழம் பொறுக்குவது போல, கண்மூடி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் தூக்கக் கலக்கம் போல ஒரு அமைதி. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாளும் நான் உருளைக்குத்தான் ஸ்பிரிங் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மெத்துனு இருக்கிறதைக் குடுங்கண்ணே. உருளையைக் கழட்டிடறேன்."

"பெட்ரோல்லயா ஓட்டப் போற? அது விக்கிற விலைக்குக் கோகாந்துல புது மாப்பிள்ளைகூட அப்படி ஓட்ட மாட்டானே."

"நான் ஓட்டறேன்."

பத்து நாள் கழித்துக் கிளம்பினோம். பாப்லர் மரங்கள் பின்னால் போயின. பருத்திக் காடு போயிற்று. மலை ஏறியதும் காற்று குளிர்ந்தது. கார் தொட்டில் போல ஆடி ஆடிப் போனது. பின்சீட்டில் அவள் எப்போது தூங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. கணவாயின் சுரங்கப்பாதை விளக்குகள் அவள் முகத்தின் மேல் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைக் கண்ணாடியில் பார்த்தேன். 

இறக்கத்தில் கேஸ் நிலையம் வந்தது. நிரப்பும்போது உருளை வெடித்துவிடலாம் என்று, டிரைவரைத் தவிர எல்லோரும் இறங்கி வாசலில் நிற்க வேண்டும். எங்கும் அதுதான் சட்டம். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். பழக்க தோஷம், என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. முகய்யோ விழித்து, தலைத்துணியைச் சரிசெய்து, கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"இறங்கணுமா?"

"வேண்டாம். உருளைதான் இல்லையே. நீ உக்காரு."

கையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கணவாய் எப்ப வரும்?"

"தாண்டியாச்சு முகய்யோ."

அவள் நம்பவில்லை. திரும்பி மலையைப் பார்த்தாள். பிறகு பின்னாலிருந்து என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைத்தது. மறுபடியும் உதைத்தது.

"வண்டியை எடுங்க" என்றாள். "மெதுவா."