பார்த்ததைச் சொல்லு

அன்றைக்கு மாரியாயிக்குக் கத்தி பேச்சுக் கேட்கவில்லை. ஒரு ரப்பர் மரத்தில் பட்டையை ஆழமாகக் கீறிவிட்டாள். அடுத்த மரத்தில் பால் பிடிக்கும் மங்கு வைக்க மறந்து, பால் வேர்வரைக்கும் வடிந்தது. கை மரத்தில் இருந்தாலும் காது ரோட்டுப் பக்கமே கிடந்தது.

கிள்ளானிலிருந்து பள்ளிக்கூடம் பார்க்க வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் காலைப் பள்ளிக்கூடம் நிலைக்கும். இல்லையென்றால் பழையபடி பிள்ளைகள் காலையில் லாலாங் புல் வெட்டப் போகவேண்டும். மத்தியானம் கைக்குழந்தைகளை விடும் ஆயாக்கொட்டகையில் கங்காணியின் மச்சான் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கத்திவிட்டு வரவேண்டும். தோட்டத்துத் துரை அப்படித்தான் தீர்த்துச் சொல்லியிருந்தார். மாரியாயியின் மகள் வீரம்மாவுக்கு ஒன்பது வயது. போன வருசம் முழுக்கப் புல் வெட்டிய கை அது. காய்ப்பு இன்னும் போகவில்லை.

மச்சானுடைய பாடம் லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும். அவன் ஒரு வரி கத்துவான், பிள்ளைகள் அதையே திருப்பிக் கத்துவார்கள், மணலில் விரலால் எழுதி அழிப்பார்கள். அவன் தூங்கிப்போனாலும் கத்தல் நிற்காது. புதிதாக வந்த நாகையா வாத்தியார் வேறு மாதிரி. கிள்ளானில் வாத்தியார்களுக்கென்று நடத்திய வகுப்பில் படித்துவிட்டு வந்தவர். கரும்பலகை மாட்டினார். ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்தார். சுவரில் படம் ஒட்டினார். பிரம்பை எடுத்து அடுப்பில் வைத்தார். பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கயிற்றால் மரத்தைச் சுற்றி அளக்கவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து அன்றைக்குத் தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். அடுத்தவன் சொன்னது ஆகாது. கேள்விப்பட்டதும் ஆகாது.

முதலில் மாரியாயியே சிரித்தாள். பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு பாட்டுக்கூட ஒப்பிக்கவில்லையே, இது என்ன படிப்பு என்று கேட்டாள். ஒருநாள் குழம்பு கொதிக்கும்போது வீரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, ஒனக்கு வலது தோளு எறங்கிப் போயிருக்கு. காண்டா தூக்கித் தூக்கித்தான்."

இத்தனை வருசமாக இரண்டு பக்கமும் வாளி மாட்டிய அந்தக் கம்பைச் சுமக்கிறாள். கட்டிய புருசன் இருந்தவரைக்கும் அவன் கண்ணுக்கும் அது படவில்லை. அன்றைக்கு அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றாள். அதற்கப்புறம் படிப்பைக் குறை சொன்னதில்லை.

பால் எடுக்கும் நேரத்துக்குக் கார் சத்தம் கேட்டது. மங்கிலிருந்து பாலை வழித்து வாளியில் ஊற்றியபடியே அவள் எட்டிப் பார்த்தாள். மரத்துக்கு மரம் சருகு நொறுங்கியது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தர் வாயிலும் சத்தமில்லை. வந்த வேகத்தில் மர நிரைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானுக்குள் விழுந்து, தலையைத் தாழ்த்திப் படுத்துக்கொண்டார்கள். வீரம்மாவும் படுத்திருந்தாள். கையில் சிலேட்டு.

மாரியாயிக்கு யாரும் சொல்லாமலே விசயம் விளங்கிவிட்டது. வயசு வராத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம். அதனால் லேபர் ஆபீஸ் வெள்ளைக்காரன் கார் வந்தால் புல் வெட்டும் பிள்ளைகள் கத்தியைப் போட்டுவிட்டுக் கானுக்குள் ஒளியவேண்டும். இது பக்கிரிசாமிக் கங்காணி பழக்கிய பழக்கம். ஒருதரம் வீரம்மா நின்று வேடிக்கை பார்த்தாள் என்று மாரியாயியே முதுகில் இரண்டு வைத்திருக்கிறாள். அந்த அடி மறக்குமா? வாத்தியார் புதுசு, இதெல்லாம் அவருக்குத் தெரியாது. மரத்தடியில் பாடம் நடத்திக் காட்டலாம் என்று பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருந்தார். தொப்பியைப் பார்த்ததும் பறந்துவிட்டார்கள்.

"எந்திரிங்க புள்ளைங்களா. இவரு பள்ளிக்கூடத்துத் தொரை. ஒண்ணும் செய்யமாட்டாரு."

மாரியாயி சொல்லியும் ஒன்றும் அசையவில்லை. அதற்குள் பக்கிரிசாமி வந்துவிட்டார். கானை ஒருதரம் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"கெடக்கட்டும் விடு. கார் போனதும் தானா எந்திரிக்கும். பால் ஒறஞ்சுடும், நீ நெரையப் பாரு."

"வாத்தியார் தனியா நிக்கிறாருங்க."

"நின்னா என்னா? நெரைய விட்டுப் போனேன்னா இன்னைக்கு ஒனக்குப் பேரு கெடயாது, கூலியும் கெடயாது. நல்லா ரோசன பண்ணிக்க."

அவள் ரோசனை பண்ணவில்லை. பண்ணியிருந்தால் போயிருக்கமாட்டாள். காண்டாவை மரத்தில் சாய்த்துவிட்டுக் கானுக்குள் இறங்கி வீரம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் நாகையா வாத்தியார் கையில் அளவுக்கயிற்றோடு நின்றிருந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. வெள்ளைக்காரர் பொறுமையாகச் சுருட்டுப் பிடித்தார். பக்கத்தில் தோட்டத்துத் துரை. வெள்ளைக்காரர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல வந்திருந்தவர் வீரசிங்கம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டுப் போட்டவர். பிள்ளைகள் ஏன் ஓடினார்கள் என்று அவர் கேட்டார்.

மாரியாயி முந்திக்கொண்டாள். "பாம்புங்க ஐயா. பெரிய பாம்பு. பயந்துட்டாங்க."

பின்னாலேயே வந்து நின்ற கங்காணி, ஆமாம், இந்தப் பக்கம் நிறைய என்று தலையாட்டினார். துரையும் சிரித்தார். அதோடு முடிந்திருக்கும். வீரசிங்கத்துக்கு என்ன தோன்றியதோ, சிலேட்டோடு நின்ற பிள்ளையிடம் குனிந்தார்.

"நீ சொல்லு பிள்ளை. ஏன் ஓடினனீங்கள்?"

வீரம்மா அம்மாவைப் பார்த்தாள். மாரியாயி கண்ணை உருட்டினாள். அவள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் எழுந்து நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"பாம்ப நான் பாக்கல. காரப் பாத்தேன், தொப்பியப் பாத்தேன். தொப்பிக்காரரு வந்தா கான்ல படுக்கணும்னு கங்காணி சொல்லியிருக்காரு. புல்லு வெட்டுறப்ப. அம்மாவும் சொல்லியிருக்கு."

வீரசிங்கம் உடனே மாற்றிச் சொல்லவில்லை. கோட்டுப் பித்தானைத் திருகினார். துரையைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், மாரியாயியின் பால் காய்ந்த கையைப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீசில் சொன்னார் என்பது துரை முகம் சிவந்ததிலேயே தெரிந்தது.

வெள்ளைக்காரர் துரையிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீரம்மாவிடம் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டார். இந்த மரம் எவ்வளவு சுற்று, எப்படி அளந்தாய். அவள் கயிற்றைப் பிடித்துக் காட்டினாள். மற்றப் பிள்ளைகளும் மெல்ல வந்து சேர்ந்துகொண்டார்கள். காருக்குப் போகும் வழியில் அவர் துரையைத் தனியாக நிறுத்திப் பேசினார். காலைப் பள்ளிக்கூடம் நடக்கும், பத்து வயசுக்குக் கீழே ஒரு பிள்ளையும் வேலையில் கண்ணில் படக்கூடாது என்று பேச்சு முடிந்ததாக வீரசிங்கம் போகிற போக்கில் வாத்தியார் காதில் போட்டுவிட்டுப் போனார்.

மாரியாயி நிரைக்குத் திரும்பியபோது வாளிப் பால் உறைந்து ரப்பராகவே கிடந்தது.

மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பக்கிரிசாமி அவள் பெயரைக் கூப்பிட்டு, மலைச்சரிவு என்றார். சரிவில் இருப்பதெல்லாம் கிழட்டு மரம், பால் கொடுக்காது; முழு வாளியோடு இறங்கினால் கால் வழுக்கும். பக்கத்தில் நின்ற பெண்கள் குனிந்துகொண்டார்கள்.

பாதையில் வாத்தியார் எதிரே வந்தார். அவருக்கும் சேதி எட்டியிருந்தது. நின்று, தன்னால் வந்த வினை என்றார். துரையிடம் பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அதில் ஒன்றும் ஆகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மாரியாயி காண்டாவைத் தோள் மாற்றினாள். இடது தோள். பழக்கமில்லாத பக்கம், வாளிகள் தாறுமாறாக ஆடின.

"பொய் சொல்றதுக்கும் ஒரு பாடம் வைங்க வாத்தியாரே. அது தெரியாம இந்தத் தோட்டத்துல எப்படிப் பொழைக்கும் என் புள்ள?"

நாலு எட்டு போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"வேணாம். வைக்காதீங்க."

சரிவில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நேரமாகிவிட்டது, இனிமேல் வெட்டினால் பால் சரியாக ஓடாது. அவள் ஏறத் தொடங்கினாள்.