எவர்சில்வர் குழாயில் மூன்று விரல்

...உப்பு மட்டும் கூடாது, ஆமாம், புருஷன் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், ஆனால் புளியையும் உப்பையும் செங்கல் தூளையும் பிசைந்து வைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறாள் பவுனம்மாள், கைப்பழக்கம், குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் அதுதானே... எதிரே மோட்டார் சைக்கிள், அதன் எவர்சில்வர் புகைக்குழாய் மேல் பழுப்பாக மூன்று விரல் தடம். நேற்று ஆயுத பூஜை. அரிவாள்மணைக்கும் உலக்கைக்கும் வைத்ததுபோல வண்டிக்கும் பொட்டு வைத்தாள், குங்குமம் உதிராமல் இருக்க நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தாள், முன்விளக்குக்கு வைத்த கை அப்படியே குழாய்க்கும் போய்விட்டது. புருஷன் உலகநாதன் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பாகூர் வரை ஓட்டிவிட்டு இருட்டோடு திரும்பினார், சூட்டில் எண்ணெய் கருகிப் படிந்ததை அவர் பார்க்கவில்லை. மத்தியானம் வண்டியை வாங்க அரியாங்குப்பத்துத் தங்கவேல் பஸ்ஸில் வருகிறார். போன தடவை வந்தபோது தோள் துண்டால் குழாயைத் துடைத்து அதில் முகம் பார்த்த மனுஷர், இந்தக் கறையைக் கண்டால் இன்ஜின் கொதித்துக் கெட்ட வண்டி என்று வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். திரும்பினால் நல்லதா கெட்டதா... வண்டி கைமாறினால் அடுத்தது கப்பல், 'நல்ல கைல ஒப்படைக்காம நான் கப்பல் ஏற மாட்டேன்' என்று புருஷன் சொல்லியிருக்கிறாரே.

அவர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது சீனாக்காரன் பட்டறையில் சொல்லிச் செய்த குழாய் அது. எவர்சில்வருக்குத் துரு ஏதுங்க என்று ஒருமுறை கேட்டு மாட்டிக்கொண்டாள், பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். 'உப்பு பட்டா புள்ளி புள்ளியா தின்னுடும்டி. மணப்பட்டுக் கடக்கரைக்குப் போய்ட்டு வந்தா நல்ல தண்ணி வுட்டுக் கழுவி ஈரம் போகத் தொடைக்கணும். இரும்பு நாராலத் தேய்ச்சா அந்த இரும்பு ஒட்டிக்கினு துருப்புடிக்கும். செங்கல் தூள் கீறிடும். எண்ணெக் கையால தொட்டுட்டு அப்படியே சூடேத்தாத, கறை நின்னுடும்.' ஒரு குழாய்க்கு இத்தனை பேச்சு. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போனபிறகு, இனி எந்த நாட்டுக் குடி என்று சர்க்கார் கேட்டதற்கு, பிரான்சுக் குடியாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, சட்டையைக் கழற்றிக்கொண்டே, 'பிரான்சுக்குப் போறோம் பவுனு' என்றார், அவ்வளவுதான். போகலாமா என்று ஒரு வார்த்தை? இந்தக் கிருமாம்பாக்கத்தை விட்டால் கடலூர்தான் அவளுக்குத் தெரிந்த தூரம், பிள்ளை பெறாதவளுக்கு மணப்பட்டில் அக்கா காசம்மாளின் பிள்ளைகள்தான் எல்லாம், கடைக்குட்டி இவளைத்தான் அம்மா என்கிறான், அங்கே போய் அந்தக் குளிரில் யாரோடு பேசுவாள்... பயமாகத்தான் இருக்கிறது, சொன்னால் சிரிப்பார்.

சரி, வம்பு எதற்கு. பிசைந்த உருண்டையை ஓரமாக வைத்தாள். ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய வேட்டிக் கிழிசலில் தொட்டு, குழாயின் நீளவாக்கிலேயே தேய்த்தாள், அதுவும் அவர் சொன்னதுதான். முதல் விரல் போயிற்று. இரண்டாவதும் வெளுத்து மறைந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னாடி பண்ற அங்க?"

"வண்டி தொடைக்கிறேங்க."

"உப்பு கிப்பு போட்டுத் தொலைக்காத."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான்... எண்ணெய்க் கை கூடாது என்பதும் தெரியுமே. நேற்று மட்டும் எங்கே போயிற்று அந்த அறிவு? முன்விளக்குக்கு வைத்த கை அப்படியே போய்விட்டது என்றல்லவா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், முன்விளக்கு எங்கே, குழாய் எங்கே? விளக்கு இடுப்புக்கு மேலே, குழாய் கணுக்காலுக்குப் பக்கத்தில். கை எப்படி அப்படியே போகும்? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூன்று விரலையும் எண்ணெயில் தோய்த்து, அழுத்தி... கடலூர் ரோட்டில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. கிழிசல் கையிலேயே இருந்தது, மூன்றாவது விரல் தடம் குழாயிலேயே இருந்தது, உப்புப் போட்ட புளி உருண்டையும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.